குயில்ட்டுக்கு எந்த நூல்? வாங்கும் முன் உங்கள் மிஷினில் சோதித்துப் பார்க்கும் முறை

மேல்துணி, நடுவில் பஞ்சு அல்லது பழைய புடவை, அடித்துணி. இந்த மூன்று அடுக்கையும் சேர்த்து மிஷினில் தைப்பதுதான் குயில்ட். துணிமேல் துணி வைத்துத் தைப்பது தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்துக்குப் புதிதல்ல. கோயில் தேரில் தொங்கும் தொம்பைகள் அப்படித்தான் உருவாகின்றன. ஆனால் தொம்பை காற்றில் தொங்கும். குயில்ட்டின்மேல் ஆள் படுத்துப் புரளுவார், அதை ஊறவைத்து அடித்துத் துவைப்பார்கள், சித்திரை வெயிலில் கொடியில் போடுவார்கள். அதனால் இங்கே நூலுக்கு வேலை அதிகம்.

"எந்த நூல் நல்ல நூல்?" என்ற கேள்விக்குப் பொதுவான பதில் கிடையாது. ஒரு மிஷினில் தடையில்லாமல் ஓடும் நூல் இன்னொரு மிஷினில் பத்து அங்குலத்துக்கு ஒருமுறை அறும். ஊசி, உள்ளே வைத்த அடுக்கு, டென்ஷன் (நூலின் இறுக்கம்), தைப்பவரின் கைவேகம் எல்லாம் சேர்ந்துதான் நூலின் குணத்தைக் காட்டும். ஆகவே நான்கைந்து நூல்களில் ஒவ்வொரு கண்டு மட்டும் வாங்கி, தைக்கப்போகும் அதே துணியில் ஓட்டிப் பார்த்துவிட்டு, பிறகு மொத்தமாக வாங்குங்கள். அரைநாள் வேலைதான். பாதி தைத்த குயில்ட்டைப் பிரிக்க மூன்று நாள் ஆகும்.

கண்டின் அடியில் இருக்கும் எண்

புதியவர்களை அதிகம் குழப்புவது இந்த எண்தான். டெக்ஸ் என்று போட்டிருந்தால் அது 1000 மீட்டர் நூலின் எடை, கிராம் கணக்கில். எண் ஏற ஏற நூல் தடிக்கும். டிக்கெட் எண்ணும் வெயிட் எண்ணும் இதற்கு நேர்மாறு; எண் ஏற ஏற நூல் மெலியும். தையல்கடைகளில் சாதாரணமாகப் புழங்கும் பாலியஸ்டர் நூல் டிக்கெட் 120, அதாவது டெக்ஸ் கணக்கில் 25ஐ ஒட்டி. டிக்கெட் 80 என்றால் டெக்ஸ் 40ஐ ஒட்டி வரும். பை, ஜீன்ஸ் போன்ற தடித்த வேலைக்கு உரியது. டிக்கெட் 180 மெல்லியது, டெக்ஸ் 18ஐ ஒட்டி.

பருத்தி நூலில் 50/3, 40/2 என்று இருக்கும். கோட்டுக்குப் பின்னால் உள்ளது எத்தனை இழை முறுக்கியது என்பது. 40/2ஐவிட 40/3 தடிமன். முன்னால் உள்ள எண்ணை மட்டும் பார்த்து வாங்கினால் தவறிவிடும்.

என்னென்ன நூல் எடுத்து வைப்பது

முதல் சோதனைக்கு நான்கு போதும்: டிக்கெட் 120 பாலியஸ்டர், பளபளப்பான மெர்சரைஸ்டு பருத்தி 50/3 அல்லது 40/3, எம்ப்ராய்டரி மிஷினுக்கான 40 வெயிட் பாலியஸ்டர், அடியில் பாபினுக்கு (கீழ்நூல் சுற்றும் சிறு உருளை) மட்டும் டிக்கெட் 180. கும்பகோணம் பெரிய கடைத்தெரு, தஞ்சாவூர் கீழவாசல், மயிலாடுதுறை பட்டமங்கலத் தெரு போன்ற கடைவீதிகளில் தையல் சாமான் கடை வைத்திருப்பவர்களிடம் எண்ணைச் சொல்லியே கேளுங்கள். "நல்ல நூலாகக் கொடுங்க" என்றால் எது கைக்கு எட்டுகிறதோ அது வரும்.

சில நூல்களை இந்த வேலைக்குத் தொடவே வேண்டாம். துணி ஓரம் பிசிறாமல் அடிக்கும் ஓவர்லாக் மிஷினுக்கான கோன் நூல் விலை குறைவு, ஆனால் பெரும்பாலும் மெல்லிய இரட்டை இழை. பிசிறு கொட்டும், தனியாகத் தாங்காது. கைத்தையல் குயில்ட்டுக்கென்று பசையோ மெழுகோ பூசி விற்கும் நூல் மிஷினின் டென்ஷன் தகடுகளுக்கு நடுவே அந்தப் பூச்சை அப்பிவிடும். பிறகு எந்த நூல் போட்டாலும் இறுக்கம் தாறுமாறாகும். கை எம்ப்ராய்டரிக்கான ஆறிழை லச்சியும் மிஷினுக்கு ஆகாது. பரணில் கிடந்த பழைய பருத்திக் கண்டா? ஒரு முழம் பிடித்து இழுத்துப் பாருங்கள். கொஞ்சமும் எதிர்ப்புக் காட்டாமல் பட்டென்று போனால் அது மக்கியது.

ரேயான் எம்ப்ராய்டரி நூலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதன் பளபளப்புக்கு ஈடில்லை. ஆனால் நனைந்ததும் ஏறத்தாழ பாதி வலுவை இழந்துவிடும். பருத்தி அப்படியில்லை, நனைந்தால் வலுக்கூடும். நம் வீடுகளில் ஊறவைத்துக் கல்லில் அடித்துத் துவைப்பது இன்னும் உண்டு. அப்படித் துவைக்கும் வீட்டுக்கு ரேயான் வேண்டாம். சுவரில் மாட்டும் வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத நைலான் நூலும் அதுபோலத்தான். பல வண்ணத் துணிகளின்மேல் தையல் தெரியாமல் ஓட அது உதவும். ஆனால் பருத்திக்கு வைக்கும் சூட்டில் இஸ்திரி போட்டால் உருகலாம். வெட்டிய நுனி முள்போலக் குத்தும். கைக்குழந்தைக்கான விரிப்பில் அதை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். தையல் விட்டுக் கண்ணியாக நின்றால் பிஞ்சு விரலில் சுற்றிக்கொள்ளும்.

சோதனைத் துண்டு

10 அங்குலத்துக்கு 10 அங்குலம், நூலுக்கு ஒரு துண்டு. குயில்ட்டில் போடப்போகும் அதே மேல்துணி, அதே உள்ளடுக்கு, அதே அடித்துணி. கையில் கிடைத்த வேறு துணியில் சோதித்தால் பலனில்லை. மேல்துணியில் பாதி வெளிர் நிறம், பாதி அடர் நிறமாக ஒட்டுப் போட்டுக்கொண்டால் ஒரே நூல் இரண்டிலும் எப்படித் தெரிகிறது என்று பார்த்துவிடலாம். பருத்தித் துணியை முன்பே நனைத்துக் காயவைத்து விடுங்கள். இல்லாவிட்டால் பிற்பாடு துவைக்கும்போது வரும் சுருக்கம் துணியாலா நூலாலா என்று பிரித்தறிய முடியாது.

உள்ளே என்ன வைக்கிறீர்கள் என்பது நூலைத் தீர்மானிக்கும். இதைப் பலர் கவனிப்பதில்லை. மேல்நூலும் கீழ்நூலும் கோத்துக்கொள்ளும் முடிச்சு அடுக்கின் நடுவில் புதைய வேண்டும். பாலியஸ்டர் பஞ்சு ஷீட் கால் அங்குலம் தடிமன் இருந்தால் முடிச்சு ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறது. டென்ஷன் கொஞ்சம் முன்பின் ஆனாலும் வெளியே தெரியாது. நம் பக்கத்தில் வழக்கமாக வைப்பது மூன்று நான்கு மடிப்புப் பழைய பருத்திப் புடவை அல்லது வேட்டி. இந்த அடுக்கு அழுத்தமானது, தட்டையானது. முடிச்சு புதைய இடமே இல்லை. அரைச் சுற்று டென்ஷன் பிசகினாலும் கீழ்நூல் மேலே புள்ளி புள்ளியாக எட்டிப்பார்க்கும். ஆகவே புடவை அடுக்குக்கு இரண்டு வழி: மேலும் கீழும் ஒரே நிற நூல் போடுவது, அல்லது பாபினில் டிக்கெட் 180 போல மெல்லிய நூல் சுற்றுவது. இரண்டாவது வழியில் முடிச்சே சிறியதாகிவிடும் என்பதால் நாங்கள் அதையே சொல்வோம்.

அடித்த பருத்திப் பஞ்சை அப்படியே பரப்பித் தைப்பதானால் தையல் வரிசைகள் 2 அங்குலத்துக்குள் இருக்கட்டும். தள்ளிப் போனால் துவைக்கும்போது பஞ்சு உருண்டு ஓரத்துக்குப் போய்விடும். இலவம்பஞ்சு தலையணைக்குச் சரி. வழுக்கும், பறக்கும், ஊசி போட்ட துளை வழியாகக்கூட வெளியே வரும்.

மூன்று அடுக்கையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கி ஒரு கை அகலத்துக்கு ஒரு பின் குத்துங்கள்.

ஊசி

நூல் குற்றம் என்று நினைப்பதில் பாதி ஊசிக் குற்றம். டிக்கெட் 180க்கு 11ஆம் நம்பர் (75), 50/3 பருத்திக்கு 12 அல்லது 14 (80, 90), டிக்கெட் 120க்கும் 40 வெயிட் எம்ப்ராய்டரி நூலுக்கும் 14, தடித்த நூலுக்கும் சரிகை நூலுக்கும் 16 (100). கடையில் நம்பர் சொல்லாமல் கேட்டால் பெரும்பாலும் 14 அல்லது 16 கொடுப்பார்கள். மெல்லிய நூலுக்கு 16 போட்டால் துளை பெரிதாகத் தெரியும், நூல் அதை நிரப்பாது. திருபுவனம் பட்டு வெட்டுத்துண்டுகளில் தைக்கிறவர்கள் 9 அல்லது 11 மட்டும் போடுங்கள். பட்டில் விழுந்த துளை மூடாது. சரிகை ஓடிய பகுதியில் தைத்தால் ஊசி முனை சீக்கிரம் மழுங்கும், கையோடு இன்னொன்று வைத்திருங்கள்.

பொருத்தம் பார்க்க எளிய வழி உண்டு. ஊசியை மிஷினிலிருந்து கழற்றி, ஒரு முழ நூலைக் கண்ணில் கோத்து, நூலை இரண்டு கையாலும் சாய்வாகப் பிடியுங்கள். ஊசி தானாகச் சுழன்றபடி கீழே வழுக்கி இறங்கினால் பொருத்தம். நடுவில் நின்றால் கண் சிறியது; அந்த ஊசியில் நூல் உராய்ந்து பிசிறும்.

ஊசியைப் பொருத்தும்போது நீண்ட பள்ளம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்து நூல் கோக்க வேண்டும். பவர் மிஷினுக்கான உருண்டைத் தண்டு ஊசி வீட்டு மிஷினுக்கு ஆகாது; பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் உயரம் வேறு. ஏழெட்டு மணி நேரத் தையலுக்கு ஓர் ஊசி என்று கணக்கு வையுங்கள். சோதனையைப் புது ஊசியில்தான் தொடங்க வேண்டும்.

மிஷினைத் தயார்படுத்துவது

ஊசித்தகட்டைக் கழற்றி, துணியை நகர்த்தும் பல்லுக்கு நடுவே சேர்ந்த பஞ்சுத் தூசியைத் தூரிகையால் எடுங்கள். ஷட்டிலுக்கு ஒரு சொட்டு மிஷின் எண்ணெய். எண்ணெய் போட்டதும் கழிவுத் துணியில் ஒரு முழம் ஓட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் சோதனைத் துண்டில் கறை விழும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பல நாள் மூடிக் கிடந்த மிஷினாக இருந்தால் பாபின் கேஸின் தகட்டுக்கு அடியிலும் பாருங்கள். அங்கே துரு ஒரு புள்ளி இருந்தாலும் நூல் விட்டுவிட்டு இழுபடும்.

பாபினில் நூலை நிதானமாகச் சுற்றுங்கள். பாலியஸ்டர் நூலை வேகமாகச் சுற்றினால் இழுபட்ட நிலையிலேயே பாபினில் உட்கார்ந்துவிடும். தைத்தபின் தன் இயல்பு நீளத்துக்குச் சுருங்கும், துணியையும் சேர்த்துச் சுருக்கும். தைக்கும்போது நன்றாக இருந்த தையல் மறுநாள் காலையில் கொசுவம் வைத்தாற்போல இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

5000 மீட்டர் கோன் வாங்கினால் அதை மிஷின் மேலுள்ள சிறு கம்பியில் மாட்டாதீர்கள். ஒரு சொம்புக்குள் நிற்கவைத்து மிஷினுக்குப் பின்னால் வையுங்கள்; நூல் நேர்மேலே ஏறி ஒரு கொக்கி வழியாக வரட்டும். குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றிய நூல் இப்படி நுனி வழியாகவே அவிழ வேண்டும். அடுக்கடுக்காக நேராகச் சுற்றிய சிறு கண்டு, அது சுழன்று அவிழ வேண்டும். சரிகை நூலுக்கு இது மிக முக்கியம். தவறான பக்கம் அவிழ்த்தால் முறுக்கேறிக் கொண்டே போய் ஊசிக்கண்ணில் சிக்கி அறும்.

டென்ஷன்: கீழிருந்து தொடங்குங்கள்

முதலில் பாபின் கேஸ். நூல் நுனியைப் பிடித்துக் கேஸைத் தொங்கவிடுங்கள். தானாக இறங்கக் கூடாது. மணிக்கட்டால் லேசாக உதறினால் ஒன்றிரண்டு அங்குலம் இறங்கி நிற்க வேண்டும். கடகடவென்று இறங்கினால் சிறு திருகை வலப்பக்கம், அசையவே இல்லையென்றால் இடப்பக்கம். ஒருமுறைக்குக் கடிகார முள் ஐந்து நிமிடம் நகரும் அளவுக்குமேல் திருப்பாதீர்கள். தொடங்கும் முன் திருகின் வெட்டு எந்தத் திசையில் இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் குயில்ட்டுக்கென்று தனி பாபின் கேஸ் ஒன்று வைத்துக்கொள்வது உத்தமம். ரவிக்கை தைக்கும் கேஸைக் கலைக்க வேண்டியிருக்காது.

பிறகு மேல்நூல். துணியை அழுத்தும் பாதத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நூலைக் கோத்துக்கொள்ளுங்கள். பாதம் இறங்கியிருந்தால் டென்ஷன் தகடுகள் மூடிக்கிடக்கும், நூல் உள்ளே இறங்காது. கோத்தபின் பாதத்தை இறக்கி நூலை இழுங்கள். இழுக்கக் கடினமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் திரும்பக் கோத்துக்கொள்ளுங்கள்.

தைத்துப் பார்ப்பது

ஒவ்வொரு துண்டிலும் இரண்டு விதமாக ஓட்டுங்கள். முதலில் நேர்வரிசை: தையல் நீளம் 2.5 முதல் 3 மில்லிமீட்டர், அங்குலத்துக்கு எட்டு முதல் பத்துத் தையல். அரை அங்குல இடைவெளியில் ஆறு வரிசை. மேல்துணி முன்னால் தள்ளப்பட்டுச் சுருக்கம் விழுந்தால் பாதத்தின் அழுத்தத்தைக் குறையுங்கள். வாக்கிங் ஃபுட் இருந்தால் மாட்டுங்கள். மேலடுக்கையும் அது சேர்த்து நகர்த்தும்.

அடுத்தது கையால் துணியை நகர்த்தித் தைப்பது. பல்லை இறக்குங்கள், இறங்காத மிஷினில் ஊசித்தகட்டின்மேல் மூடுதகடு போடுங்கள். டார்னிங் பாதம் மாட்டி, கோலத்தில் சுழி போடுவதுபோல வளையங்கள் ஒரு வரிசை, கூர்முனைகள் ஒரு வரிசை, பெரிய வளைவுகள் ஒரு வரிசை. சிக்குக் கோலம் போட்டுப் பழகிய கைக்கு இது விரைவில் வரும். நேர்கோட்டில் நன்றாக ஓடிய நூல் சுழியில் அறுவது சாதாரணம், அதனால்தான் இரண்டும் வேண்டும்.

இப்போது துண்டைத் திருப்பிப் பாருங்கள். கீழ்நூல் மேல்பக்கம் புள்ளியாகத் தெரிந்தால் மேல் டென்ஷன் அதிகம், கால் சுற்றுத் தளர்த்துங்கள். மேல்நூல் அடிப்பக்கம் வளையமாகத் தொங்கினால் மேல் டென்ஷன் போதாது. நேர்வரிசை சரியாக இருந்து, வளைவுகளில் மட்டும் அடிப்பக்கம் கண்ணிமை மயிர்போல நூல் நீட்டிக்கொண்டிருந்தால் அது டென்ஷன் அல்ல. வளைவில் கை ஓடுகிறது, மிஷின் பின்தங்குகிறது. கையை நிதானப்படுத்துங்கள், மிஷினை ஒரே சீராக, நிற்காமல் மிதியுங்கள்.

ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஊசியையும் டென்ஷனையும் சேர்த்து மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாது. ஒவ்வொரு வரிசைக்குப் பக்கத்திலும் அழியாத பேனாவால் துணியிலேயே எழுதுங்கள்: மேல்நூல், கீழ்நூல், ஊசி நம்பர், டென்ஷன் எண். எண் இல்லாத பழைய கறுப்பு மிஷினில், டென்ஷன் திருகை முழுக்கத் தளர்த்திய நிலையிலிருந்து எத்தனை சுற்று என்று எழுதுங்கள். தாளில் எழுதினால் தாள் ஒரு பக்கம் போகும், துணி ஒரு பக்கம் போகும்.

எங்கே அறுகிறது என்று பாருங்கள்

நூல் அறுந்தால் உடனே டென்ஷனில் கை வைக்காதீர்கள். ஊசிக்கண்ணுக்குச் சற்று மேலே பிசிறிப் பிசிறி அறுந்தால் கண் சிறியது, அல்லது ஊசி முனை கெட்டது. கண்டுக்குப் பக்கத்தில் சட்டென்று அறுந்தால் கண்டின் ஓரத்து வெட்டில் மாட்டுகிறது. கண்டைத் திருப்பி மாட்டுங்கள். எந்த ஊசியிலும் அதே இடத்தில் அறுந்தால் ஊசித்தகட்டுத் துளையின் ஓரத்தை நகத்தால் தடவுங்கள்; ஊசி இடித்த தழும்பு தட்டுப்படும். மிக நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்துச் சரிசெய்யலாம்.

துணிக்கு அடியில் நூல் குருவிக்கூடாகச் சுருண்டால் எல்லாரும் பாபினைத்தான் கழற்றுவார்கள். காரணம் அநேகமாக மேலே இருக்கும்: மேல்நூல் டென்ஷன் தகடுகளுக்குள் இறங்கவில்லை. தையல் தாவினால் ஊசி வளைந்திருக்கும், அல்லது முழுவதும் மேலேறி மாட்டப்படவில்லை.

சரிகை நூலுக்கு 16ஆம் நம்பர் ஊசி, மேல் டென்ஷன் நன்றாகத் தளர்வு, பாபினில் மெல்லிய பாலியஸ்டர், வேகம் பாதி. இத்தனை செய்தும் அறுந்தால் அதைப் பாபினில் சுற்றி, துணியைத் தலைகீழாகப் போட்டு அடிப்பக்கத்திலிருந்து தையுங்கள். சரிகை ஊசிக்கண் வழியாக ஓட வேண்டியிருக்காது, மேல்பக்கத்தில் அழகாக விழும்.

துவைத்துப் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள்

முதலில் சாயம். நூலில் ஒரு முழம் நனைத்து, வெள்ளை வேட்டித் துணி மடிப்புக்குள் வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். சிவப்பு, நீலம், கறுப்புக்கு இது கட்டாயம். வெள்ளையில் தடம் விழுந்தால் அந்தக் கண்டு வேண்டாம்.

அடுத்து எல்லாத் துண்டையும் உங்கள் வீட்டில் எப்படித் துவைப்பீர்களோ அப்படியே மூன்று முறை துவைத்து வெயிலில் காயவையுங்கள். பிறகு வரிசையின் இரு முனையையும் பிடித்துத் தையலோடு இழுங்கள். படக்கென்று தெறித்தால் டென்ஷன் அதிகம் அல்லது நூல் வலுவற்றது. நைந்த புடவையை மேல்துணியாக வைக்கிறவர்கள் இதற்கு நேர் எதிரான ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நூல் துணியைவிட மிக வலுவாக இருந்தால், இழுபடும்போது கிழிவது துணிதான். தையல் அறுந்தால் திரும்பப் போட்டுவிடலாம், துணி கிழிந்தால் ஒட்டுத்தான் போட வேண்டும். பழைய பருத்திக்கு மெல்லிய பருத்தி நூலே ஏற்றது.

நிறத்தைக் கண்டாகப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். ஓரிழையை அவிழ்த்துத் துணிமேல் போட்டுப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். தைத்தபின் கண்டில் தெரிந்ததைவிட வெளிறித் தெரியும், ஆகவே இரண்டு நிறத்துக்கு நடுவே தயங்கினால் ஒரு படி அடர்ந்ததை எடுங்கள்.

எவ்வளவு வாங்குவது

ஒரு மீட்டர் தையலுக்கு மேலே சுமார் ஒன்றரை மீட்டர், கீழே ஒன்றரை மீட்டர் நூல் என்று வையுங்கள். 150க்கு 230 சென்டிமீட்டர் விரிப்பில் 5 சென்டிமீட்டருக்கு ஒரு வரிசை கட்டம் போட்டால், நீளவாக்கில் 30 வரிசை, குறுக்கே 46 வரிசை. ஒவ்வொரு திசையிலும் 69 மீட்டர், ஆக 138 மீட்டர் தையல். மேல்நூல் 207 மீட்டர், கீழ்நூல் அதே அளவு. 100 மீட்டர் கண்டுகளில் மேலுக்கு மூன்று, கீழுக்கு மூன்று. சுழிகள் நெருக்கமாகப் போடுவதானால் இது மூன்று நான்கு மடங்காகும். அதைச் சோதனைத் துண்டிலேயே கணக்கிடலாம். தொடங்கும் முன் பாபினில் 10 மீட்டர் அளந்து சுற்றி, எத்தனை சதுர அங்குலத்தில் தீர்கிறது என்று பாருங்கள்.

எல்லாக் கண்டையும் ஒரே நாளில், ஒரே லாட் எண் (ஒரே தடவையில் சாயம் போட்ட தொகுதியின் எண்) பார்த்து வாங்குங்கள். ஒரே நிற எண்ணாக இருந்தாலும் வேறு லாட்டில் சாயம் சற்று மாறும். குயில்ட்டின் நடுவில் அது தனியே தெரியும். வாங்கியதை மூடிபோட்ட டப்பாவில், வெயில் படாத இடத்தில் வையுங்கள். மழைக்காலத்தில் பருத்தி நூல் ஈரம் குடிக்கும், பூசணம் பிடிக்கும். அந்த மாதங்களில் தைப்பதானால் தைக்கும் முன் கண்டை அரைமணி நேரம் வெளியே உலரவிட்டு, சோதனைத் துண்டின் ஓரத்தில் ஒரு வரிசை ஓட்டிப் பார்த்துவிட்டுக் குயில்ட்டை எடுங்கள்.